டவர் கிடைக்காத ஊரில் கையடக்கக் கணினி: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் கையடக்கக் கணினிகளைப் பற்றி நான்கு வரி எழுதிவிட்டு, சந்தேகம் இருந்தால் எழுதுங்கள் என்று சொல்லியிருந்தேன். குந்தா பக்கம் தொடங்கி கூடலூர் வரை பல ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. நிறையப் பேருக்கு ஒரே கவலைதான்: 'எங்க ஊர்ல டவரே கிடைக்காது, இதை வச்சு என்ன பண்றது?' நான் கோத்தகிரியில் பல வருடம் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தியவன், இந்தக் கவலை எனக்கும் பழக்கம்தான். அதனால் இந்த முறை எல்லாப் பதிலிலும், சிக்னல் போன பிறகும் கையில் இருக்கும் கருவி என்ன செய்யும் என்பதையே முக்கியமாகப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (மஞ்சூர், ஓய்வு பெற்ற ஆசிரியை): 1999-ல் என் தம்பி அமெரிக்காவிலிருந்து வந்தபோது 'பாம் 3' என்று ஒரு கருவி கொடுத்தான். இரண்டு வருடம் ஆசையாக வைத்திருந்தேன், அப்புறம் அலமாரியில் போட்டுவிட்டேன். போன வாரம் எடுத்துப் புது பேட்டரி போட்டேன், திரை வந்தது, ஆனால் நான் எழுதி வைத்தது ஒன்றுகூட இல்லை. எங்கே போயிருக்கும்? இனி இதனால் ஏதாவது பயன் உண்டா?

பதில்: டீச்சர், நீங்கள் எழுதியது போய்விட்டது, திரும்ப எடுக்க வழியில்லை. அந்தக் கருவியில் ஆபரேட்டிங் சிஸ்டம் ஒரு நிரந்தர நினைவகத்தில் இருக்கும், ஆனால் நாம் எழுதுகிற குறிப்பு, முகவரி, நாள்காட்டி எல்லாம் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தால்தான் நிற்கும் ராம் நினைவகத்தில் இருக்கும். பேட்டரி முழுதாகத் தீர்ந்துபோனால் அத்தனையும் அழிந்துவிடும். பேட்டரி மாற்றுவதற்குக் கிடைத்த அவகாசமே ஒரு நிமிடம் போலத்தான். அதனால்தான் அதற்கு ஒரு தாங்கி கொடுத்தார்கள்: கருவியை அதில் வைத்து ஒரு பொத்தானை அழுத்தினால் உள்ளே இருப்பதெல்லாம் மேசைக் கணினிக்கும் ஒரு நகல் போய்விடும். தம்பியின் பழைய கணினி இன்னும் இருந்தால் அதில் தேடச் சொல்லுங்கள், உங்கள் எழுத்து அங்கே உட்கார்ந்திருக்கலாம்.

இந்தக் கருவியின் கதை எனக்கு மிகவும் பிடித்த கதை, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். 1993-ல் ஆப்பிள் நிறுவனம் நியூட்டன் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. நாம் எப்படி எழுதினாலும் அதுவே படித்துக்கொள்ளும் என்றார்கள், ஆனால் ஆரம்பத்தில் அது தப்புத் தப்பாகப் படித்தது, விலையும் அதிகம், சட்டைப் பையிலும் அடங்காது. ஜெஃப் ஹாக்கின்ஸ் என்பவர் வேறு மாதிரி யோசித்தார். கருவியைச் செய்வதற்கு முன்னால் சட்டைப் பையில் போகிற அளவுக்கு ஒரு மரக்கட்டையைச் செதுக்கி, அதையே கணினி என்று நினைத்துக்கொண்டு எடுத்துக்கொண்டு அலைந்தார். யாராவது 'அடுத்த வாரம் சந்திக்கலாமா?' என்றால் கட்டையை எடுத்து அதில் நாள் குறிப்பதுபோலச் செய்து பார்ப்பார். எதற்கெல்லாம் கை பைக்குப் போகிறது, எதற்குப் போகவில்லை என்று அப்படித்தான் கண்டுபிடித்தார். அப்படி 1996-ல் வந்ததுதான் பைலட், உங்கள் பாம் 3-க்கு முன்னோடி; அந்த முதல் பைலட்டில் இருந்த நினைவகம் வெறும் 128 கேபி. இன்று போனில் எடுக்கிற ஒரு படம் அதைப்போலப் பல மடங்கு இருக்கும்! ஆனால் நாலு வேலையை மட்டும் எடுத்துக்கொண்டு அதை உடனே செய்தது, டிவி ரிமோட்டில் போடுகிற சின்ன பேட்டரி இரண்டு போட்டால் வாரக்கணக்கில் ஓடியது. எழுத்தைப் படிக்கிற சிக்கலையும் தலைகீழாகத் தீர்த்தார்கள், கருவி நம் கையெழுத்தைக் கற்பதற்குப் பதிலாக நாம் அதற்கேற்ற எளிய எழுத்தைக் கற்றுக்கொண்டோம், ஏ என்பதற்கு நடுக்கோடு இல்லாமல் ஒரு கூரை வடிவம் போட்டால் போதும். உங்களுக்கு நினைவிருக்கும்.

நம் நாட்டிலும் ஒரு பெரிய முயற்சி நடந்தது, அது பலருக்குத் தெரியாமலே போனது எனக்கு வருத்தம்தான். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்தாரும் சேர்ந்து சிம்ப்யூட்டர் என்று ஒன்றை 2001-ல் காட்டினார்கள், 2004-ல் விற்பனைக்கு வந்தது. லினக்ஸ் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஓடியது. ஒரு கருவியை ஊரே பகிர்ந்துகொள்ளலாம், ஆளுக்கொரு ஸ்மார்ட் கார்டு இருந்தால் போதும், அவரவர் கணக்கு அந்தக் கார்டில் இருக்கும். படிக்கத் தெரியாதவருக்கு இந்திய மொழியில் வாய்விட்டுப் படித்துக் காட்டவும் செய்யும். சுமார் 9,000 ரூபாய்க்குக் கொடுக்க நினைத்தார்கள். எதிர்பார்த்த அளவுக்கு விற்கவில்லை, சில வருடத்தில் சாதாரண செல்போன் எல்லார் கைக்கும் வந்துவிட்டது. ஆனாலும் 'படிப்பில்லாதவர் கையிலும் கணினி இருக்க வேண்டும்' என்று யோசித்து நம் ஊரில் செய்த கருவி அது.

உங்கள் பாம் 3-ஐ இன்றும் கணக்குப் போட, சாமான் பட்டியல் எழுத வைத்துக்கொள்ளலாம். எழுதுவது ஆங்கில எழுத்தாகத்தான் இருக்கும். பழைய பேட்டரி கசிந்து அடியில் வெள்ளையாகப் பூத்திருந்தால் பஞ்சில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்துவிட்டு நன்றாகக் காயவிடுங்கள். அப்புறம் பயன்படுத்தாத நாளில் பேட்டரியைக் கழற்றி வையுங்கள்.

கேள்வி (கூடலூர் அருகே, சிறு தேயிலை விவசாயி): ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கிறேன். இலை எடைக் கணக்கு நோட்டில் எழுதுவேன், மழைக்காலம் முடிவதற்குள் நோட்டு ஊறிக் கிழிந்துவிடும். மாதக் கடைசியில் ஃபேக்டரி கொடுக்கிற கணக்கும் என் கணக்கும் ஒத்து வராது, என்னிடம் ஆதாரமும் இருக்காது. மகன் போட்டுவிட்ட பழைய ஆண்ட்ராய்டு போன் சிம் இல்லாமல் கிடக்கிறது. புதிதாக ஏதாவது கருவி வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம் அண்ணா, ஒரு ரூபாயும் செலவு செய்யாதீர்கள். சிம் இல்லாத அந்தப் போன் ஒரு முழுக் கையடக்கக் கணினி. உங்களுக்கு வேண்டிய எந்த வேலைக்கும் அதற்கு டவர் தேவையில்லை.

மூன்று வேலைக்கு அதைப் பழக்குங்கள். எடை போட்டுச் சீட்டு வாங்கியவுடன் அங்கேயே நின்று ஒரு படம் எடுத்துவிடுங்கள். இது மிக முக்கியம், ஏனென்றால் அந்தச் சின்ன மெஷினில் வருகிற சீட்டு மையில் அச்சாவது கிடையாது, சூடு பட்டால் கறுக்கிற பூச்சுப் பூசிய தாள் அது. சட்டைப் பையில் வியர்வையிலும் அடுப்பு மேடைச் சூட்டிலும் கிடந்தால் சில மாதத்தில் எழுத்து மங்கிவிடும், தாளே கறுத்தும் போகும். போனில் எடுத்த படத்தில் தேதியும் நேரமும் தானாகப் பதிந்துவிடும், பின்னால் பேச்சு வந்தால் அதைக் காட்டலாம். போனில் தேதி சரியாக இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், சிம் இல்லாத போன் சார்ஜ் தீர்ந்து கிடந்தால் தேதி மாறியிருக்கக்கூடும்.

அடுத்தது கணக்கு. ஒரு விரிதாள் செயலியில் (எக்செல் மாதிரி கட்டம் போட்ட கணக்குத் தாள்) தேதி, எந்தப் பகுதி, எத்தனை பேர் பறித்தார்கள், மொத்த எடை, ஈரத்துக்கென்று கழித்தது, மீதி எடை, இவ்வளவு போதும். ஈரக் கழிவைத் தனிக் கட்டத்தில் போடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மழை நாளில் கழிப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனால் ஒரு மாதத்துக்கு மொத்தம் எத்தனை கிலோ கழிந்தது என்று யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. கூட்டிப் பாருங்கள். அந்த எண் கையில் இருந்தால் நீங்கள் கேட்கிற கேள்விக்கு ஒரு கனம் இருக்கும். தேயிலை வாரியம் நீலகிரி பசுந்தேயிலைக்கு மாதந்தோறும் சராசரி விலை அறிவிக்கிறதே, அதை உங்கள் நிகர எடையோடு பெருக்கினால் எவ்வளவு வரவேண்டும் என்பது ஒரு நொடியில் தெரிந்துவிடும். உரம் போட்ட தேதி, கவாத்து செய்த தேதி, இந்தச் சுற்றுக்கும் போன சுற்றுக்கும் எத்தனை நாள் இடைவெளி என்பதையும் சேர்த்தால் இரண்டே வருடத்தில் உங்கள் தோட்டத்தைப் பற்றி உங்களைவிட அந்தப் போன் நன்றாக நினைவு வைத்திருக்கும்.

மூன்றாவது குரல் குறிப்பு. மழையில் தொடுதிரை சொன்னதைக் கேட்காது, உங்கள் போன் பழுதென்று நினைக்காதீர்கள். இப்போதைய திரை விரலால் உண்டாகிற மின்புல மாற்றத்தை வைத்துத்தான் தொட்ட இடத்தைக் கண்டுபிடிக்கிறது, தண்ணீரும் அதே மாற்றத்தை உண்டாக்கும், அதனால் குழம்பிப்போகிறது. டீச்சர் கேட்ட பாம் கருவியின் திரை அழுத்தத்தை வைத்து வேலை செய்தது, குச்சியால் தொட்டாலும் போதும். நம்முடைய போனுக்கு அந்த வசதி இல்லையே, அதனால் குடைக்குள் நின்று பதிவுச் செயலியைத் திறந்து 'பதினேழாம் தேதி, மேல் காடு, எண்பத்து நாலு கிலோ, கழிவு ஆறு' என்று சொல்லிவிடுங்கள், ராத்திரி வீட்டில் உட்கார்ந்து கட்டத்தில் ஏற்றிக்கொள்ளலாம்.

இரண்டு எச்சரிக்கை. பழைய போனுக்குப் பாதுகாப்பு மேம்படுத்தல் நின்றுபோயிருக்கும், அதில் வங்கி வேலையோ பணம் அனுப்புவதோ வேண்டவே வேண்டாம். இன்னொன்று, மாதம் ஒருமுறை மகனின் வைஃபையிலோ மெமரி கார்டிலோ எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்துவிடுங்கள். 2019 ஆகஸ்ட் மழையில் எங்கள் பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, என் போன் நனைந்து செத்துப்போனது. அதில் என் அப்பா படுக்கையில் இருந்தபோது பேசிய பேச்சு இருந்தது, ஊர்ப் பழைய கதைகள், நிலத்து எல்லை விவரம், எல்லாம். நகல் எடுக்கவில்லை. அந்தக் குரல் எனக்கு இனிமேல் கிடைக்காது. அதனால்தான் நகல், நகல் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

கேள்வி (குன்னூர், பிளஸ் டூ மாணவர்): சார், பஸ்ஸில் கண்டக்டர் வைத்திருக்கும் டிக்கெட் மெஷின், ரேஷன் கடை மெஷின், இதெல்லாம்கூட கம்ப்யூட்டர்தானா, இல்லை கால்குலேட்டர் மாதிரியா?

பதில்: கம்ப்யூட்டர்தான் தம்பி. செயலி, நினைவகம், உள்ளே ஒரு நிரல், உள்ளீடு, வெளியீடு எல்லாம் இருக்கிறது. கண்டக்டர் மெஷினில் அந்த வழித்தடத்தின் ஸ்டேஜ்களும் கட்டணமும் முன்கூட்டியே ஏற்றப்பட்டிருக்கும். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குகிற வழியில் பர்லியாறு பக்கம் டவர் போனாலும் டிக்கெட் வருவது நிற்காது, கணக்கை உள்ளேயே சேர்த்து வைத்துக்கொண்டு பின்னால் டிப்போவுக்குக் கொடுத்துவிடும். பொத்தான் வைத்த மெஷின் கண்ணில் பட்டால் கவனித்துப் பாரேன், அதில் கெட்டியான பொத்தான்கள் இருக்கும், ஈரக் கையோடு ஒரு கையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால், பார்க்காமலே அழுத்தலாம். வளைவில் வண்டி சாயும்போது தொடுதிரையில் அதைச் செய்துவிட முடியுமா?

இது மாதிரி கையடக்கக் கணினிகள் வேறு வேலைகளிலும் உண்டு. கிராமத்துக் கிளை அஞ்சலகங்களுக்குத் தர்ப்பண் திட்டத்தில் சூரிய மின்சக்தியிலும் ஓடுகிற கையடக்கக் கருவி கொடுத்தார்கள். 2011-ல் நடந்த சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் செய்த சின்ன டேப்லெட்டில்தான் வீட்டு விவரத்தைப் பதிந்தார்கள். முதுமலை போன்ற புலிகள் காப்பகங்களில் வனக் காவலர்கள் ரோந்து போன பாதையையும் பார்த்த கால்தடத்தையும் எம்-ஸ்ட்ரைப்ஸ் என்ற செயலியில் பதிகிறார்கள்.

ரேஷன் மெஷினைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், நீ நாளைக்கு இந்தத் துறைக்கு வந்தால் நினைவில் வைத்துக்கொள். நாள் முழுக்க இலை பறிக்கிற அம்மாக்களுக்கு விரல் ரேகை தேய்ந்திருக்கும், தேயிலைக் கறையும் வெடிப்பும் வேறு, மெஷின் 'பொருந்தவில்லை' என்று சொல்லிவிடும். மெஷின் மேல் எந்தக் கோளாறும் இருக்காது, ஆனால் அந்த அம்மா வெறும் பையோடு நிற்பார். கருவிழியை வைத்துப் பார்க்கிற வசதி இப்போது பல கடைகளில் வந்திருப்பது நல்ல விஷயம். ஒரு கருவியைச் செய்கிறவர்கள், அதைப் பயன்படுத்தப் போகிறவர்களின் கையைப் போய்ப் பார்த்துவிட்டுச் செய்ய வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

கேள்வி (லவ்டேல்): பறவை பார்க்கப் போகிறேன். பாதி இடத்தில் சிக்னல் இல்லை. தனியாக ஜிபிஎஸ் கருவி வாங்கவா?

பதில்: பொழுதுபோக்குக்குப் போகிறவருக்கு அவசியமில்லை. ஜிபிஎஸ்ஸுக்கும் செல்போன் டவருக்கும் சம்பந்தம் கிடையாது, போன் சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள்களிடமிருந்து நேரடியாகக் கேட்டுக்கொள்கிறது. நாலு செயற்கைக்கோள் கண்ணில் பட்டால் இடம் தெரிந்துவிடும். டவர் இருந்தால் முதல் முறை சீக்கிரம் பிடிக்கும், இல்லாவிட்டால் வெட்டவெளியில் சில நிமிடம் நிற்க வேண்டும், அவ்வளவுதான். சிக்னல் இல்லாத இடத்தில் காணாமல் போவது வரைபடம் மட்டும்தான், அதை முந்தின நாள் வீட்டில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆஸ்மாண்ட், ஆர்கானிக் மேப்ஸ் இரண்டும் இணையம் இல்லாமல் ஓடும். ஆழமான பள்ளத்தாக்கிலும் அடர்ந்த சோலைக்குள்ளும் இடம் கொஞ்சம் தள்ளித்தான் காட்டும், கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். அப்புறம், அனுமதி இல்லாமல் காப்புக் காட்டுக்குள் போகாதீர்கள்.

பறவைக்கு மெர்லின் நல்ல செயலி. நம் பகுதிப் பறவைகளின் தொகுப்பை முதலிலேயே இறக்கிவிட்டால் இணையம் வேண்டாம். குரலைக் கேட்டு அது ஒரு பெயர் சொன்னால் அதைக் குறிப்பாக மட்டும் எடுத்துக்கொண்டு, கண்ணால் பார்த்த பிறகு பட்டியலில் எழுதுங்கள், நீலகிரிச் சிரிப்பான் மாதிரி இங்கே மட்டுமே வாழ்கிற பறவைகள் விஷயத்தில் தவறான பதிவு ஒன்றுகூட ஆராய்ச்சி செய்கிறவர்களைக் குழப்பும். பார்த்த பறவைகளைப் பதிகிற ஈபேர்டு செயலியில் அங்கேயே பதிந்துவிட்டு வீட்டுக்கு வந்து அனுப்பலாம்.

பேட்டரிக்கு: டவர் இல்லாத இடத்தில் போன் டவரைத் தேடித் தேடியே களைத்துப்போகும், ஃபிளைட் மோடில் போட்டுவிடுங்கள், ஜிபிஎஸ் அப்போதும் வேலை செய்யும். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் 40 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த போன் சட்டென்று அணைந்தால் பயப்படாதீர்கள், குளிரில் லித்தியம் பேட்டரிக்குள் வேதிவினை மந்தமாகிவிடும், ஸ்வெட்டருக்கு உள்பக்கம் வைத்துச் சூடாக்கினால் திரும்ப வரும். விறைத்த போனை மட்டும் அப்படியே சார்ஜரில் போடாதீர்கள், பேட்டரிக்கு நிரந்தரமாகக் கெடுதல்.

கேள்வி (கீழ்க்கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியிலிருந்து): எனக்கு 74 வயது. பெங்களூருவில் இருக்கும் பேரன் டேப்லெட் வாங்கித் தருகிறேன் என்கிறான். கண் அவ்வளவாகத் தெரியவில்லை. எனக்கு எதற்கு அது?

பதில்: வாங்கிக்கொள்ளுங்கள் அம்மா, அந்தப் பெரிய திரை உங்களுக்குத்தான் சரி. ஆனால் பேரன் அதைத் தபாலில் அனுப்ப வேண்டாம், நேரில் கொண்டுவந்து இரண்டு நாள் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, எழுத்தைப் பெரிதாக்கி, தமிழைப் போட்டு, நீங்கள் வாயால் சொன்னால் தமிழில் எழுதுகிற வசதியையும் திரையில் இருப்பதைப் படித்துக் காட்டுகிற டாக்பேக் வசதியையும் பழக்கிவிட்டுப் போகட்டும். மாத்திரை அட்டையில் இருக்கிற பொடி எழுத்தைக் கேமராவில் பிடித்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம். மாத்திரை நேரத்துக்கு மணி அடிக்க வைக்கலாம். பழைய பாட்டு, பேரனின் படங்கள் எல்லாவற்றையும் உள்ளேயே ஏற்றி வைக்கச் சொல்லுங்கள், நெட் இல்லாத நாளிலும் பார்க்கலாம். யாராவது போன் செய்து ஏதோ ஒரு எண்ணைச் சொல்லுங்கள் என்று கேட்டால் மட்டும் சொல்லாதீர்கள், வைத்துவிட்டுப் பேரனைக் கூப்பிடுங்கள்.

கேள்வி (ஊட்டி): வெளியிலிருந்து வந்ததும் போன் கேமராவுக்குள் ஆவி படிகிறது. அரிசியில் போடலாமா?

பதில்: வேண்டாம். அரிசி உள்ளே இருக்கிற ஈரத்தை இழுக்காது, தூசுதான் ஓட்டைகளுக்குள் போகும். குளிர்ந்த போன் அடுப்படி வெதுவெதுப்புக்கு வந்ததால் படிந்த ஆவி அது. அணைத்துவிட்டு, நெருப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோகாமல், உலர்ந்த அறையில் சில மணி நேரம் வையுங்கள். ஆவி போகும் வரை சார்ஜ் போடாதீர்கள்.

கேள்வி (அரவேணு): அலமாரியில் இருந்த பழைய போனை எடுத்தேன், பின்மூடி கொஞ்சம் எழும்பியிருக்கிறது. நீங்கள் சொல்கிற மாதிரி குறிப்பெழுதப் பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. பேட்டரி உள்ளே வாயு சேர்ந்து வீங்கியிருக்கிறது, தீப்பிடிக்கக்கூடியது. சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். மரச் சாமான், துணி எதுவும் பக்கத்தில் இல்லாத இடமாகப் பார்த்து வைத்து, நாளைக்கே போன் ரிப்பேர் செய்பவரிடம் கொண்டுபோய்ப் பேட்டரியைக் கழற்றச் சொல்லுங்கள், புது பேட்டரி கிடைத்தால் அதே போனைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.